சேரவில்லை என்றேன்

இந்த ஊர்த் தண்ணீரில் டீ நன்றாக வராது, இன்ஸ்பெக்டர். உப்பு. வந்த புதிதில் வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து குடத்தில் தண்ணீர் வரவழைத்துப் பார்த்தேன், அப்புறம் அதுவும் விட்டுப்போயிற்று. எனக்கு வேண்டாம். நீங்கள் குடியுங்கள். எழுதுகிற ஏட்டையாவுக்கும் ஒன்று சொல்லுங்கள். நான் நிதானமாகத்தான் சொல்லப்போகிறேன், அவருக்குக் கை வலிக்காது. ஆடிக் காற்றில் தாள் பறக்கிறது பாருங்கள், அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடலாம்.

என்னை உங்களுக்குத் தெரியும். போன வருஷம் உங்கள் மகனுக்கு மஞ்சள்காமாலை வந்தபோது நான்தான் பார்த்தேன். பெயர் ஞானஒளிவு என்று எழுதிக்கொள்ளட்டும். எம்.டி. பட்டம் உண்டு. ராஜபாளையம் ரோட்டில் எட்டுக் கட்டில் போட்ட ஆஸ்பத்திரி. பதினாறு வருஷமாக இந்த ஊரில்தான் இருக்கிறேன். வேண்டுமென்று யாருக்கும் கெடுதல் செய்ததாக என்மேல் ஒரு சொல் கிடையாது.

பேச்சித்தாய் என்ற பெண் என் ஆஸ்பத்திரியில் இறந்துபோனதைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். அப்படி ஒரு புகாரே வரவில்லை என்றீர்கள். வராது. அவள் புருஷன் என்னைத் தெய்வம் மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குத்தான் மனசாட்சி கேட்கவில்லை. அதனால் நானே வந்தேன்.

அவள் வந்தது ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த மறுவாரம். புருஷன் ஆறுமுகச்சாமி செம்மறி ஆடு வைத்திருக்கிறவன். அறுப்பு முடிந்த காட்டில் ராத்திரி ஆட்டை அடைத்து உரத்துக்கு விடுவார்களே, அந்தத் தொழில். இவள் விடியற்காலையில் பிச்சிப்பூ பறிக்கப் போகிறவள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். முதல் பிள்ளை பிறந்து இன்னும் தவழ ஆரம்பிக்கவில்லை. அவளைக் கோமதியம்மன் சன்னதியில் உட்காரவைத்துவிட்டு, காலில் புற்றுமண்ணும் பூசி, அதற்குப் பிறகுதான் என்னிடம் கூட்டிவந்தான்.

"நாலஞ்சு நாளாக் காய்ச்சலுய்யா. நேத்துலருந்து பேச்சு ஒரு மாதிரியா இருக்கு. என்னையவே யாருன்னு கேக்கா. கொஞ்சம் கழிச்சு நல்லாப் பேசுதா. என்ன கோளாறோன்னு அம்மன் முன்னால உக்கார வச்சோம்" என்றான்.

அவள் சிரித்தாள். ஆண்பிள்ளைக் குரல் மாதிரி கட்டையான குரல். "இவுக சொல்லுதத நம்பாதீங்கய்யா. வெறும் தலைவலிதான். ஒரு மாத்திரையக் குடுங்க, எம்புள்ள அங்கன பாலுக்கு அழுதுக்கிட்டுக் கெடக்கும்."

இவ்வளவு தெளிவாகப் பேசியவள், நான் நாடி பிடித்துக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பார்த்து, "பூவ எடைபோட்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

புற்றுமண்ணை நானே பஞ்சில் துடைத்தேன். அதன் அடியில் முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் நாவல்பழச் சாறு தெளித்ததுபோலச் சின்னச் சின்னப் புள்ளிகள். கண்ணாடித் துண்டை வைத்து அழுத்திப் பார்த்தேன், மறையவில்லை. கண்ணின் கீழ் இமை வெளுத்திருந்தது, வெள்ளை விழியில் லேசான மஞ்சள். மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரி. அந்த நிமிஷமே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மீதியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். என் ஆஸ்பத்திரியில் லாப் ஆள் கிடையாது, ரத்தத்தை நானேதான் தடவிச் சாயம் போட்டுப் பார்ப்பேன். முழு வட்டமாக இருக்கவேண்டிய சிவப்பணுக்கள் உடைந்து கிடந்தன. சிலது முக்கோணம், சிலது தொப்பி கவிழ்த்த மாதிரி. ரத்தக் கசிவை அடைக்கிற தட்டணுக்களோ தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அப்படியானால் ரத்தம் உறையவே கூடாது. ஆனால் கண்ணாடிக் குழாயில் விட்டுப் பார்த்தால் ஒழுங்காக உறைகிறது. எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஏட்டையா, பெயரைக் கவனமாக எழுதவேண்டும். த்ராம்பாட்டிக் த்ராம்போசைட்டோபீனிக் பர்ப்யூரா. பிறகு ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறேன். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், உடம்பெங்கும் இருக்கிற மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களில் மணல் மணலாக ரத்தக் கட்டி விழும். தட்டணுக்கள் எல்லாம் அதில் போய் ஒட்டித் தீர்ந்துவிடும். மற்ற இடங்களில் அடைக்க ஆளில்லாமல் தோலுக்கடியில் ரத்தம் கசியும். உள்ளே உறைந்துகொண்டும் வெளியே கசிந்துகொண்டும் இருக்கிற நோய். கட்டிகளுக்கு நடுவே நசுங்கிப் போகிற சிவப்பணுக்கள் உடையும். மூளையில் ஒரு குழாய் அடைத்தால் பேச்சுக் குழறும், அது விலகினால் நல்லபடி பேசுவாள். அதுதான் ஆறுமுகச்சாமி பேய்க்கோளாறு என்று நினைத்தது. உடம்பு தன் ரத்தத்தையே பகையாக நினைத்துச் செய்கிற வேலை என்று வெளிநாட்டில் சில பேர் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். லட்சத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஒரு டாக்டர் ஆயுள் முழுக்கத் தொழில் செய்தும் ஒன்றைக்கூடப் பார்க்காமல் சாகலாம்.

நான் இரண்டு பார்த்தேன்.

முதலாவதை நான் கல்லூரியில் டியூட்டராக இருந்தபோது பார்த்தேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர். இதே புள்ளிகள், இதே உளறல். பேராசிரியர் மாணவர்களோடு வார்டுக்குள் வந்தார், நான் இந்தப் பெயரைச் சொன்னேன். அவர் அந்த டீச்சரின் காலைக்கூடப் பார்க்கவில்லை. "ஏன்வே, புஸ்தகத்துல கடைசிப் பக்கத்துல இருக்குத நோயெல்லாம் உமக்குன்னு நம்ம வார்டுக்கு வருதோ?" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்று எழுதினார்கள். அவள் இறந்த பிறகு உடலை அறுத்துப் பார்க்கலாம் என்று கெஞ்சினேன். சிறுநீரகத்தில் ஒரு துண்டு எடுத்தால் போதும், அந்தக் கட்டிகளைக் கண்ணால் காட்டிவிடலாம். பேராசிரியர் கையெழுத்துப் போட்டு உடலை அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த நோயின் ஆங்கில முதலெழுத்துகளே எனக்குப் பட்டப்பெயராயின. வராந்தாவில் நடந்தால், "டி.டி.பி. வாராரு, டி.டி.பி. வாராரு" என்பார்கள். கல்யாண வீட்டில் ஒருவன் என் மனைவியிடமே அப்படிக் கேட்டான். அவளும் சிரித்தாள், அவளுக்கு என்ன தெரியும். நான் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தேன்.

இதை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. அந்த டீச்சரை அப்போது யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது. வைத்தியமே இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. ஆறேழு வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ரத்தத்திலிருந்து அணுக்களை நீக்கினால் மஞ்சளாக ஒரு நீர் மிஞ்சும், பிளாஸ்மா என்போம். நல்ல மனுஷனுடைய பிளாஸ்மாவை நிறைய ஏற்றினால் இந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். திருநெல்வேலியில் ரத்த வங்கி இருக்கிறது. என் கார் வாசலில்தான் நின்றது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம்.

ஆறுமுகச்சாமியும் கேட்டான். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருவமாய்யா? ஆட்டை வித்தாவது பாக்கேன்."

"ரோட்டுக் குலுக்கல் தாங்கமாட்டா. விஷக் காய்ச்சல்தான், இங்கனயே சரியாயிரும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை நீங்கள் பொறுமையாகக் கேட்கவேண்டும். அவளை அனுப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். அங்கே இருக்கிற பெரியவர்கள் என் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டு மலேரியா என்று எழுதுவார்கள், அவள் வீணாகச் சாவாள். அல்லது நான் சொன்னபடி பிளாஸ்மா ஏற்றுவார்கள், பிழைத்துக்கொள்வாள். பிழைத்தால் என்ன சொல்வார்கள்? பிழைத்துக்கொண்டாளே, அப்படியானால் அந்த நோயாக இருக்காது என்பார்கள். அதைத்தான் நான் யோசித்தேன். இந்த நோயில் பிழைத்தவர்கள் எதற்கும் சாட்சி இல்லை. அதைச் சந்தேகமில்லாமல் காட்ட ஒரே வழி உடலுக்குள்ளே பார்ப்பது. நம் பக்கத்தில் இந்த நோய் உண்டு என்று ஒருமுறை நிரூபித்துவிட்டால், இனி வருகிற எத்தனையோ பேச்சித்தாய்களை டாக்டர்கள் முதல் நாளே அடையாளம் கண்டுவிடுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் நான் உயிரைக் காப்பாற்றுகிற வேலையைத்தான் செய்தேன்.

அவளை நல்லபடியாகத்தான் வைத்திருந்தேன். காற்று வருகிற கட்டில். குளுக்கோஸ் ஏற்றினேன், காய்ச்சலுக்கு ஊசி போட்டேன். என் நர்ஸ் நேசமணி இடையன்குடிப் பக்கத்துப் பெண், என்னோடு ரொம்ப வருஷமாக இருக்கிறவள். அவள் பக்கத்திலேயே இருந்தாள். நான் அடிக்கடி போய் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து வந்து பார்ப்பேன். உடைந்த அணுக்கள் கூடிக்கொண்டே போயின. அவ்வளவு அழகான ஸ்லைடுகளை நான் புத்தகத்தில்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் அவளுக்கு வலது கை தூக்க வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வந்தது. திரும்பவும் போயிற்று. அவளுடைய அம்மா மாடத்தி வந்து சேர்ந்தாள். அவள் கட்டிலடியில் உட்கார்ந்து அந்தக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நேசமணி என் அறைக்கு வந்தாள்.

"ஸார், உடம்புல ரத்தமே இல்லாமப் போச்சு. வெள்ளைத் துணி மாதிரி கெடக்கா. புருஷன் ரத்தம் தாரேன்னு நிக்கான். ஒரு பாட்டிலாவது ஏத்தக் கூடாதா?"

நான் யோசித்தேன். முழு ரத்தத்தில் பாதி பிளாஸ்மாதான். ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ரத்தமில்லாமல் வெளுத்துக் கிடக்கிறவளுக்கு ஏற்றவில்லை என்றால் பார்க்கிறவர்களுக்குத் தப்பாகப் படும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே ஒரு ஆவல் இருந்தது. என் கணிப்பு சரியானால் அவள் தெளியவேண்டும். தெளிகிறாளா என்று பார்க்கவேண்டும். ஆறுமுகச்சாமியின் ரத்தம் அவளுக்குச் சேர்ந்தது. ஒரு பாட்டில் எடுத்து அப்படியே ஏற்றினேன்.

விடிந்ததும் பேச்சித்தாய் கண்ணைத் திறந்து, "அம்மா, மாருல பால் கட்டிக் கல்லா இருக்கு. எம்புள்ள எங்க?" என்று கேட்டாளாம். மாடத்தி ஓடிவந்து என் காலைத் தொட்டாள். நான் போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இறங்கியிருந்தது. கை தூக்கச் சொன்னேன், தூக்கினாள். இது யார் என்று புருஷனைக் காட்டினேன்.

"ஏன், ஒங்களுக்குத் தெரியாதா? ஆட்டுக்காரவுக" என்றாள். "ரெண்டு நாளாக் குளிக்காம நாத்தம் அடிக்காக. பெறவு யாருன்னு தெரியாமப் போவுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நேசமணி சிரித்துக்கொண்டே அழுதாள். பிள்ளையை ஊரிலிருந்து தூக்கி வந்தார்கள். பால் கொடுக்கலாமா என்று கேட்டார்கள், கொடுக்கட்டும் என்றேன். கஞ்சி கேட்டாள், துவையல் இல்லாமல் இறங்காது என்றாள். ஆஸ்பத்திரிக்கே அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டுக் களை வந்துவிட்டது.

நான் என் அறைக்கு வந்து ஸ்லைடு பார்த்தேன். உடைந்த அணுக்கள் குறைந்திருந்தன. அங்கங்கே தட்டணுக்கள் தெரிந்தன. என் கணிப்பு ஒவ்வொரு எழுத்தும் சரி. அப்போது எனக்கு ஏற்பட்டது என்ன என்று நீங்கள் கேட்டால், ஏமாற்றம் என்றுதான் சொல்லவேண்டும். அவள் எழுந்து நடந்து பூப்பறிக்கப் போய்விட்டால் என்னிடம் மிஞ்சுவது சில கண்ணாடித் துண்டுகள்தான். ஸ்லைடை யார் வேண்டுமானாலும் சாயம் சரியில்லை என்று சொல்லலாம்.

ஒரு பாட்டிலில் கிடைத்த பலன் ரொம்ப நேரம் நிற்காது. தொடர்ந்து ஏற்றிக்கொண்டே இருக்கவேண்டும். சாயங்காலத்துக்குள் அவள் திரும்பவும் பூ எடையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். பிள்ளையை யாரோ வீட்டுப் பிள்ளை என்று மாடத்தியிடம் நீட்டினாள்.

அடுத்த நாள் ஆறுமுகச்சாமியின் தம்பி இசக்கிப்பாண்டி ஊரிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். ரத்தம் ஏற்றினதும் மதினி எழுந்து உட்கார்ந்தாளாமே என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியிருந்தது. எல்லாம் வாட்டசாட்டமான ஆட்கள். வாசல் வேப்பமரத்தடியில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஊசி என்றாலே பயப்படுகிற ஆட்கள், இன்ஸ்பெக்டர். அவ்வளவு பேரும் அவளுக்காக வந்திருந்தார்கள்.

நான் ஒவ்வொருவரிடமும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தேன். அவளுடைய ரத்தத்தோடு கண்ணாடியில் கலந்து பார்த்தேன். அதை நான் செய்யாமல் விட்டிருக்கலாம். ஆனால் பார்க்காமல் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. இசக்கிப்பாண்டியின் ரத்தம் சேர்ந்தது. மற்றவர்களில் நான்கு பேருடையதும் சேர்ந்தது.

வெளியே வந்து, சேரவில்லை என்றேன்.

இசக்கிப்பாண்டிக்கு விளங்கவில்லை. "எங்க அண்ணனுக்குச் சேந்துச்சுல்லாய்யா. நான் கூடப் பெறந்தவன், எனக்கு எப்படிச் சேராமப் போவும்?"

"அப்படித்தான்வே. கூடப் பிறந்தாலும் ரத்தம் வேற வேறயா இருக்கும்."

"இன்னொரு வாட்டி பாருங்கய்யா."

இன்னொரு வாட்டி விரலில் குத்தினேன். உள்ளே போய்க் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, சேரவில்லை என்றேன். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ தப்புச் செய்துவிட்டவன் மாதிரி அண்ணனிடம், "எனக்குச் சேரலியாம்ண்ணே" என்று சொன்னான். ஆறுமுகச்சாமி, அப்படியானால் தன்னுடையதையே இன்னும் எடுக்கச் சொன்னான், கடைசிச் சொட்டுவரை எடுக்கச் சொன்னான். ஒரு ஆளிடம் அத்தனை சீக்கிரம் திரும்ப எடுக்கக் கூடாது, அவன் உயிருக்கு ஆபத்து என்றேன். மருத்துவப்படி அது நியாயமான பேச்சு. வந்தவர்களுக்கெல்லாம் மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

நேசமணி அன்று மத்தியானம் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். அவள் உட்காருகிற வழக்கமில்லை.

"ஸார், ஒருத்தருக்குக்கூடவா சேரலை?"

"சேரலை."

"அப்ப திருநெல்வேலிக்கு அனுப்பிருவோம் ஸார். அங்கன பாட்டில் பாட்டிலா ரத்தம் வச்சிருப்பாவல்லா. நான் மடியில போட்டுக் கொண்டுபோறேன்."

"வழியில போயிட்டா யார் பதில் சொல்றது?"

"இங்கன போனா மட்டும் யாரு ஸார் பதில் சொல்லுவா?"

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு மைக்ராஸ்கோப் பார்க்கத் தெரியாது, நோயின் பெயரும் தெரியாது. ஆனால் என் முகத்தை ரொம்ப வருஷமாகப் பார்த்தவள். "ஒங்களுக்கு அவ என்ன செஞ்சா ஸார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்க் கட்டிலருகே முழங்கால் போட்டு ஜெபம் பண்ண ஆரம்பித்தாள்.

அந்தக் கேள்வி நியாயமில்லை. பேச்சித்தாய் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பார்க்கப்போனால் அந்தச் சில நாட்களில் அவளை நான் கவனித்த அளவு யாரையும் கவனித்ததில்லை. என் மனைவி படுக்கையில் கிடந்தபோதுகூட அவ்வளவு முறை எழுந்துபோய்ப் பார்த்ததில்லை. பேச்சித்தாயின் மூச்சு மாறினால் அடுத்த அறையிலிருந்தே எனக்குத் தெரியும்.

அந்தப் பேராசிரியருக்குக் காட்டத்தான் இதெல்லாம் என்று நீங்கள் நினைக்கலாம். அவர் போன வருஷமே இறந்துவிட்டார். அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். மாலை போட்டேன். அங்கே வந்திருந்த பழைய மாணவர்களில் ஒருவன், இப்போது அவன் தலையும் நரைத்துவிட்டது, என்னைத் தோளில் தட்டி, "என்ன டி.டி.பி., சவுக்கியமா?" என்றான். அவன் பிரியமாகத்தான் கேட்டான்.

பேச்சித்தாய் வெள்ளிக்கிழமை பகலில் போனாள். கோயிலில் உச்சிகாலத்து மணி அடித்துக்கொண்டிருந்தது. முதலில் வலிப்பு வந்தது, நின்றது, திரும்பவும் வந்தது. நடுவில் ஒருதரம் தெளிவாகக் கண்ணைத் திறந்தாள். அறையில் இருந்தவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். என்னைப் பார்த்ததும், "டாக்டரய்யா வந்துட்டீகளா, இனிப் பயமில்ல" என்றாள். அவள் முழுச் சுயநினைவோடு சொன்னது அது. மூளையின் அந்தப் பகுதியில் அப்போது அடைப்பு விலகியிருந்தது என்பதற்கு அடையாளம். குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

போன பிறகு ஆறுமுகச்சாமியைத் தனியாக அழைத்தேன். சாவுக்குக் காரணம் தெரியவேண்டுமானால் உடலை அறுத்துப் பார்க்கவேண்டும், அதிகம் இல்லை, கொஞ்சம்தான் என்றேன். அவன் அதுவரைக்கும் அழவில்லை. அப்போதுதான் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

"வேண்டாம்யா. கீறிராதீக. முழுசாக் குடுத்திருங்க. பெத்த புள்ளைக்கு முழுசாக் காட்டணும்யா."

எவ்வளவோ பேசிப் பார்த்தேன். சரி, அவனைக் கேட்காமலே ஒரு பெரிய ஊசியால் முதுகுப்பக்கம் குத்தி ஒரு நூல் அளவு சதை எடுத்துவிடலாம் என்று நினைத்து, ஊசியைக் கொதிக்க வைக்கும்படி நேசமணியிடம் சொன்னேன். செத்தவளுக்கு எதுக்கு ஸார் ஊசி என்றாள். நான் சொன்னதைச் செய் என்றேன். அவள் தலைத்தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள். இன்றுவரை வரவில்லை. அவளைக் குறை சொல்லமாட்டேன், களைத்திருந்தாள். ஊசியை நானே கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு போனால், மாடத்தி மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலேயே கிடந்தாள். எழுப்பிப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. வண்டி வரும்வரை அந்த அம்மாள் கையை எடுக்கவே இல்லை. அப்படியே கொண்டுபோய்விட்டார்கள்.

அடக்கம் செய்துவிட்டார்கள் என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். அவர்கள் எரிப்பார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன். கைக்குழந்தைக்காரி என்பதால் மண்ணில் வைத்திருக்கிறார்கள்.

நேற்றுக் காலையில் ஆறுமுகச்சாமி வந்தான். மொட்டை அடித்திருந்தான். ஒரு செம்மறிக் குட்டியைத் தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். "எங்களால ஆனது இதுதான்யா. நீங்க சொந்தப் புள்ளைய மாதிரி ராப்பகலாப் பாத்தீக. அவ விதி" என்றான். வாங்கிக்கொள்ளாவிட்டால் வருத்தப்படுவான், வாங்கிக்கொண்டேன். பின்பக்கம் கட்டியிருக்கிறேன். தாயைத் தேடி ராத்திரி பூராவும் கத்தியது. நான் அவனிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தேன். மண்ணைத் திறந்து பார்க்கலாமா, அவனே சம்மதித்தால் அரசாங்கத்தில் சொல்லி ஏற்பாடு செய்யலாம் என்றேன். நான் துக்கத்தில் ஏதோ பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். "நீங்க மனசப் போட்டு ஒழப்பாதீகய்யா" என்று எனக்குத் தேறுதல் சொல்லிவிட்டுப் போனான். அவன் கடைசிவரை சம்மதிக்கமாட்டான்.

அதனால்தான் இங்கே வந்தேன். இப்போது தெளிவாகச் சொல்கிறேன், ஏட்டையா ஒரு சொல் விடாமல் எழுதட்டும். அவளுக்கு என்ன நோய் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். எதைக் கொடுத்தால் பிழைப்பாள் என்றும் தெரியும். அதைக் கொடுக்க ஐந்து பேர் என் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் சாகவேண்டும் என்று, தெரிந்தே, அவர்களைத் திருப்பி அனுப்பினேன். இதற்குச் சட்டத்தில் என்ன பெயரோ அந்தப் பெயரையே போடுங்கள். குறைத்துப் போடவேண்டாம். குறைத்தால் பிரேதத்தைத் தோண்ட உத்தரவு கிடைக்காமல் போகலாம். கொலை வழக்கு என்றால் தாசில்தார் முன்னிலையில் இன்றைக்கே தோண்டலாம், புருஷன் சம்மதம் தேவைப்படாது. விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள். காய்ந்த மண்தான், இருந்தாலும் இந்த வெயிலில் நேரம் போகப் போகச் சதை கெட்டுவிடும். அறுக்கிற டாக்டரிடம் சிறுநீரகம் இரண்டையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள், மூளையில் ஒரு துண்டு. அவர்களிடம் நல்ல பாட்டில் இருக்காது. என் காரின் பின்சீட்டில் வைத்திருக்கிறேன், ஃபார்மலின் ஊற்றி, அவள் பெயரை ஒட்டி.